யாருக்கும் சேராத ஏழு லிங்கு

நான் ஏழாவது வரை படித்தேன். ஏழாவதில் இரண்டு வருடம் இருந்தேன். அதையும் சேர்த்தால் எட்டு வருடப் படிப்பு.

அதன் பிறகு சர்வேயர்களுக்குச் சங்கிலி பிடித்தேன். பத்தொன்பது வருடம். சங்கிலி என்றால் இரும்புச் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம். அதில் நூறு கண்ணி. கண்ணியை நாங்கள் லிங்கு என்போம். ஒரு லிங்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. முன்னால் ஒருவன் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவான். பின்னால் ஒருவன் கைப்பிடியைக் கல்லின் மேல் வைத்துப் பிடிப்பான். நான் பின்னால் பிடிக்கிறவன். முன்னால் போகிறவன் முள்ளை மிதிப்பான். பின்னால் இருப்பவன் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம்.

பிறகு அளக்கிற வேலை குறைந்தது. மழையும் குறைந்தது. ஆந்திராவில் எங்கள் வெதுருகுப்பம் பக்கத்தில் கை கால் நன்றாக இருந்தவன் எல்லாம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். நானும் பை எடுத்துக்கொண்டு ரோட்டில் வந்து நின்றேன். திருப்பதி பஸ் முதலில் வந்தது. ஏறிவிட்டேன்.

திருப்பதியில் ஒரு டிபன் கடைக்கு மேல் மாடியில் புதிதாக ஓர் ஆபீஸ் திறந்திருந்தார்கள். முதலாளி ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். ஊர் ஊராக அளந்து எழுதிய பழைய சர்வே தாள்களை வாங்கி, அதில் உள்ள நம்பர்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, மேப்பாக மாற்றிக் கொடுப்பது அவர் வேலை. அந்தத் தாள்கள் செல்லரித்துப்போய் இருந்தன. மூன்றா எட்டா என்று தெரியாது. ஒன்றைப் பார்த்தால் ஏழு மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கையெழுத்துகள் பழக்கம். எந்த சர்வேயர் வெற்றிலைக் கறையோடு எழுதுவார், யார் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிக்கொண்டே எழுதுவார் என்பதெல்லாம் தெரியும். அதனால் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

என் வேலை படிப்பது. தாளை வெளிச்சத்தில் பிடித்து நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து தட்டுவாள். பலமனேர்க்காரி. டிகிரி முடித்தவள். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், கம்ப்யூட்டரிடம் இங்கிலீஷ். என்னை அண்ணா என்பாள். நான் பாப்பா என்பேன்.

அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. வாசலில் கழற்ற வேண்டும். உள்ளே ஏசி ஓடும். அது எங்களுக்கு அல்ல, கம்ப்யூட்டருக்கு. கரண்ட் போனால் மூலையில் ஒரு பெட்டி கூவும். உடனே பாப்பா பதறிப்போய் எல்லாவற்றையும் சேவ் செய்வாள். நான் எழுந்து கையை நீட்டி முறிப்பேன். அந்தப் பெட்டி கூவினால் எனக்கு ஓய்வு.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது.

சர்வே தாளில் கணக்கை ஏணி மாதிரி எழுதுவார்கள். நடுவில் இரண்டு கோடு. அதற்குள் எத்தனை லிங்கு நடந்தோம் என்ற நம்பர். நிலத்தின் மூலை இடது பக்கம் இருந்தால் இடது பக்கம் ஒரு நம்பர், வலது பக்கம் இருந்தால் வலது பக்கம். இதைக் கீழேயிருந்து மேலே எழுதுவார்கள். நடக்கிறவன் முன்னால்தானே போகிறான். தாளில் முன்னால் என்றால் மேலே. எனவே கீழேயிருந்து படிக்க வேண்டும். சங்கிலி பிடித்த எவனுக்கும் தெரியும்.

நான் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தேன். முதலாளி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, எங்கயாவது கீழேருந்து படிப்பாங்களா? மேலேருந்து படி."

"சார், இது கீழேருந்து தான்."

"நீ படி. யோசிக்கறது கம்ப்யூட்டர் வேலை."

சரி என்று மேலேயிருந்து படித்தேன். நாலு நாள் படித்தேன். ஒரு முழு ஊர் முடிந்தது. ஐந்தாம் நாள் அதைப் பெரிய தாளில் எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஊரே திரும்பியிருந்தது. மேற்கே இருந்த ஏரி கிழக்கே போயிருந்தது. ஏரிக்கு வரும் கால்வாயும் சுடுகாடும் சிவன் கோயிலுக்குப் பின்னாலிருந்து வாசல் பக்கம் வந்திருந்தன. முதலாளி தாளைத் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, வெளியே பால்கனிக்குப் போய்ப் பின்பக்கத்திலிருந்து பார்த்தார். சரியாக இருந்தது.

உள்ளே வந்து கேட்டார்: "ஏம்ப்பா, முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். யோசிக்க வேணான்னீங்க."

பாப்பா கீபோர்டுக்கு அடியில் எதையோ தேடினாள். தோள் குலுங்கியது. அன்றிலிருந்து என்னைக் கேட்காமல் எந்த நம்பரையும் போடக்கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவுதான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

ஆறேழு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் கட்டுக்குள்ளிருந்து எங்கள் ஊர்த் தாள் வந்தது. சர்க்கார் எங்கள் மாதிரி நிலம் இல்லாத வீடுகளுக்கு ஒரு மேட்டுக்காட்டைப் பிரித்துக் கொடுத்தபோது அளந்த தாள். அளந்த அன்று பின்னால் சங்கிலி பிடித்தது நான்தான். பாதி தூரம் வரைக்கும் சந்தோஷமாகப் படித்தேன். பிறகு என் அக்காவின் நிலம் வந்தது.

"முன்னூறு," என்றேன்.

பாப்பா தட்டினாள்.

அடுத்தது அக்காவுக்குப் பக்கத்து நிலக்காரர். "இருநூத்தித் தொண்ணூத்தி மூணு," என்றேன். குரல் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். பாப்பா திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் சேர்த்து எவ்ளோ அண்ணா?"

"அறநூறு."

"கூட்டினா ஐநூத்தித் தொண்ணூத்தி மூணு தானே வருது?"

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைப் போட்டாள். மேற்குக் கல்லிலிருந்து அக்கா நிலம் முன்னூறு லிங்கு வந்து நின்றது. கிழக்குக் கல்லிலிருந்து பக்கத்து நிலம் இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று வந்து நின்றது. இரண்டுக்கும் நடுவில் மேலேயிருந்து கீழே வரை ஒல்லியாக ஒரு சந்து. சுற்றிச் சிவப்புக் கோடு. ஏழு லிங்கு. நாலரை அடிக்கு மேல். யாருக்கும் சேராதது.

கம்ப்யூட்டருக்கு எங்கே கணக்கு உதைக்கிறதோ அங்கே சிவப்புக் கோடு போடும். இத்தனை வருடத்தில் எந்த சர்வேயரும் கண்டுபிடிக்காததை அது ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தது.

விஷயம் இதுதான். அன்றைக்கு நிலத்தைப் பிரிக்கும்போது, பக்கத்து நிலக்காரர் சர்வேயருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். முன்னால் இழுத்தவனுக்கும் ஒன்று கொடுத்தார். என்னிடம் வந்து, "பின்னால சும்மா குந்திக்கினு கீற ஆளுக்கு இன்னாத்துக்கு இளநி," என்று சொல்லி மிச்சம் இருந்த ஒன்றைத் தானே குடித்தார். அக்கா நிலத்துக்கு முன்னூறு லிங்கு அளக்கச் சொன்னார்கள். கைப்பிடியை மேற்குக் கல்லின் மேல் வைக்க வேண்டியவன், ஏழு லிங்கு முன்னால் தள்ளி வைத்தேன். வடக்கு வரப்பில் ஒரு தடவை, தெற்கு வரப்பில் ஒரு தடவை. இரண்டு நிலத்தையும் பிரிக்கிற நடுக்கல் ஏழு லிங்கு தள்ளி விழுந்தது. அக்காவுக்குத் தாளில் முன்னூறு, தரையில் முன்னூற்றேழு. மிச்சத்தை அளந்தபோது சர்வேயர் தலையைத் தூக்கினார்.

"ஏமிரா, ஏழு கம்மியா வருது?"

"நிலம் அவ்ளோ தான் சார்."

எழுதிவிட்டார். நல்ல இளநீர் போலிருக்கிறது.

ஏன் ஏழு என்று கேட்டால் தெரியாது. அங்கே ஒரு நிழல் இருந்தது.

பாப்பா சிவப்புக் கோட்டின் மேல் அம்புக்குறியை வைத்தாள். "சார் சொன்னது ஞாபகம் இருக்குதா அண்ணா? சந்து விட்டா சர்வே ஆபீஸ்ல திருப்பி அனுப்பறாங்க. யாருதுன்னு தெரியாத இடத்துக்கு எல்லாம் சாம்பல் கலர் போட்டுடணும்."

"சாம்பல்னா?"

"சர்க்கார் புறம்போக்கு."

ஏசி காற்று திடீரென்று அதிகமாக அடித்தது மாதிரி இருந்தது. அந்த நாலரை அடிக்குள்தான் அக்காவின் போர் இருந்தது.

போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. எங்கள் பக்கம் அது இல்லாவிட்டால் நிலம் என்பது வெறும் மண். அக்கா மூன்று போர் போட்டாள். முதல் இரண்டிலும் புகை மாதிரி தூசிதான் வந்தது. மூன்றாவதுக்குக் கறவை மாடு இரண்டையும் விற்றாள். வேப்பங்கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் பார்க்கிறவர் நிலம் முழுக்க நடந்தார். கிளை வளைந்தது ஓர் ஓரத்தில், நடுக்கல்லுக்கு ஒட்டி. அங்கேதான் தண்ணீர் வந்தது. அன்றைக்கு அவள் அந்தக் குழாயின் பக்கத்திலேயே சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அதற்குத்தான் இப்போது சாம்பல் கலர் பூசப் போகிறார்கள்.

"முன்னூறு தப்பா, இருநூத்தித் தொண்ணூத்தி மூணு தப்பா?" என்று பாப்பா கேட்டாள். "நீ தானே சங்கிலி புடிச்ச."

"போய்ப் பாத்தாதான் தெரியும்."

முதலாளி வந்து பார்த்தார். நேரில் அளந்து, இரண்டு நிலக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி வந்தால் நம்பரை மாற்றலாம் என்றார். ரெண்டு நாள் டைம். இல்லாவிட்டால் சாம்பல். கையில் ஒரு டேப்பும் ஒரு ஃபாரமும் கொடுத்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். அக்கா வேர்க்கடலையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் தம்பியைச் செல்லமாக நைனா என்பார்கள்.

"இன்னாடா நைனா, சொல்லாம கொள்ளாம வந்துகீற. வேலைய வுட்டுத் தொரத்திட்டாங்களா?"

"இல்ல. அளக்க வந்தேன்."

"எத்த?"

"உன் நிலத்த."

களைக்கொத்தைக் கீழே வைத்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இளநீரை விட்டுவிட்டேன். அவளுக்காகச் செய்தேன் என்று அவளாகவே நினைத்துக்கொண்டால் எனக்கு நஷ்டமில்லை.

"ஏழா?" என்றாள்.

"ஏழு."

"இழுத்தது தான் இழுத்த. ஒரு இருவதா இழுத்திருக்கக் கூடாதா? அந்தப் புளியமரமும் நம்ம பக்கம் வந்திருக்கும்."

"அக்கா, போரு அந்த ஏழுல கீது."

அவள் சிரிப்பு நின்றது.

"அதுக்கு?"

"அப்படியே வுட்டா சர்க்காருக்குப் போய்டும். சரியா எழுதினா அவருக்குப் போய்டும்."

"எவருக்கு?"

நான் பக்கத்து நிலத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மோட்டார் தண்ணீர் காலடியில் ஓடியது. கொஞ்ச நேரம் அதைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்கா," என்றாள். "அதுக்கு சர்க்காரே துன்னுட்டுப் போவட்டும்."

அக்காவும் பக்கத்து நிலக்காரரும் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. அக்காவின் ஆடு அவர் வீட்டு அவரைப் பந்தலைத் தின்றதில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் பேச்சை நிறுத்தினால் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள் என்று அர்த்தமில்லை. நேராகப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை எல்லாம் நடுவில் நிற்கும் ஒருவரிடம் சத்தமாகச் சொல்வார்கள். அந்தப் பக்கம் கேட்டுக்கொள்ளும். நடுவில் ஆள் இல்லாவிட்டால் எருமையிடம் சொல்வார்கள். அன்றைக்கு எருமை நான்.

அவர் வீடு அவர் நிலத்திலேயே இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார்கள். புருஷன் பெண்டாட்டி மட்டும். அவரும் இரண்டு போர் போட்டு இரண்டிலும் தூசிதான் பார்த்தவர். தக்காளி வைத்திருந்தார். இலை சுருண்டு நின்றது. நான் டேப்போடு நடுக்கல் பக்கம் போனதைப் பார்த்ததும் துண்டை உதறிக்கொண்டு வந்தார். அக்காவும் தன் பக்கம் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி.

"இன்னாப்பா, திருப்பதில பெரிய ஆளாய்ட்டன்னு சொன்னாங்க," என்றார். "இன்னா அளக்கற?"

"மாமா, தாள்ல ஏழு லிங்கு காணோம். கம்ப்யூட்டர் காட்டுச்சு."

"யாருது காணோம்?"

"உங்களுது."

அவர் கல்லைப் பார்த்தார். போர்க் குழாயைப் பார்த்தார். கண்ணாலேயே அளந்துவிட்டார்.

"எப்டி காணாமப் போச்சு?"

"பழைய சங்கிலி மாமா. இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும்."

"என் பக்கம் வரும்போது மட்டும் நீண்டுச்சா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என்னை முறைத்தாள். வாயைத் திறக்காதே என்று அந்த முறைப்புக்கு அர்த்தம். இத்தனை வருடம் நான் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். அன்றைக்கு ஏனோ அது கனத்தது.

"சங்கிலி இல்ல மாமா. நான் தான். கைப்பிடிய முன்னால தள்ளி வெச்சேன்."

"ஏன்?"

"நீங்க எனக்கு மட்டும் இளநி குடுக்கல."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். தனக்காகச் செய்யவில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு அதிகக் கோபம் என்று நினைக்கிறேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "எந்த இளநி?" என்றார். நிஜமாகவே ஞாபகம் இல்லை.

பிறகு, "எங்க நின்ன? காட்டு," என்றார். மேற்குக் கல்லுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "அங்கயே நில்லு," என்றார். நின்றேன். அவர் ஒரு பீடி எடுத்துப் பற்றவைத்து, நிதானமாக முழுசாகக் குடித்தார். முப்பத்தைந்து வயசில் வெயிலில், ஸ்கூலில் வெளியே நிறுத்திய மாதிரி நின்றேன். அக்கா தடுக்கவில்லை. பீடி முடிந்ததும் திரும்பி நடுக்கல்லுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன்.

"ஏழும் என்னுது," என்று என்னிடம் சொன்னார். "போரும் என் மண்ணுல தான் கீது. அப்டியே எழுதிக்கினு வா."

"நைனா," என்று அக்கா என்னிடம் சொன்னாள், "மண்ணு வேணா அவுரு எடுத்துக்கட்டும். குழாயப் புடுங்கிக்கினு போறேன்னு சொல்லு. மோட்டாரு, ஸ்டார்ட்டரு, ஒயரு எல்லாம் நான் போட்டது. வெறும் ஓட்ட தான் அவுருக்கு. அதுல உரல் கூட நட முடியாது."

"ஓட்ட இருந்தா குழாய் நான் போட்டுக்கறேன்னு சொல்லு."

"போன தடவ போட்ட குழாயில இன்னா வந்துச்சுன்னு கேளு."

அது அவருக்குப் பட்டது. இரண்டு தடவை தூசி பார்த்தவர். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சொன்னேன்: "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடலன்னா நாளைக்கு சாம்பல் கலர். சர்க்கார் ஆளு வந்து போருக்குப் பூட்டுப் போடுவான்."

பூட்டுப் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. சொல்லிவைத்தேன்.

"போடட்டும்," என்றார் அவர். "எனக்கு இன்னா போச்சு? எனக்கு முன்னயும் தண்ணி இல்ல. பின்னயும் இல்ல."

அவர் சொன்னது சரி. இழக்கப்போவது அக்காதான். கடலை பூ விட்டிருந்தது. இன்னும் நாலு தண்ணீர் வேண்டும். அவள் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாட்டைத் தடவுகிற மாதிரி.

"வாரத்துல ஒரு நாள் தண்ணி வுடறேன்னு சொல்லு," என்றாள் கடைசியில்.

"மூணு."

"ஒன்ற."

"ஒன்ற நாள்னா பாதி நாள்ல மோட்டார நிறுத்தறதா? தக்காளிக்கு இன்னா பாதி வாயா?"

"ரெண்டு. அதுக்கு மேல கேட்டா நானே சாம்பல் கலர் வாங்கியாந்து பூசறேன்."

அவர் தக்காளியைப் பார்த்தார். "ரெண்டு," என்றார். "ஆனா சும்மா தர்மத்துக்கு வாங்கற தண்ணி எனக்கு வேணாம். கோடு நடுவுல போவணும். ஏழுல பாதி எனக்கு."

டேப்பை வைத்தேன். ஏழில் பாதி மூன்றரை லிங்கு. கல்லிலிருந்து இரண்டே கால் அடியும் கொஞ்சம் சில்லறையும். நேராகக் குழாயின் மேல் வந்து நின்றது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு என்று அக்காவும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளு என்று அவரும் டேப்பின் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். நாலு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பொருளைத் தொட்டது அப்போதுதான். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்.

கடைசியில் குழாயின் நடுவில் சாக்பீசால் ஒரு கோடு போட்டேன். பாதி வாய் அவளுக்கு, பாதி வாய் அவருக்கு.

அவர் ஃபாரத்தை வாங்கினார். பேனாவை வாங்கினார். போடவில்லை.

"மொதல்ல நீ எழுதிக் குடு," என்றார். "இன்னா பண்ணன்னு. ஏன் பண்ணன்னு. அது இந்த ஃபாரத்தோட சேந்து போவணும்."

எங்கள் ஊரில் எழுதுவது தெலுங்கு, திட்டுவது தமிழ். வரப்பில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கத் தெலுங்கில் எழுதினேன். ஏழாவதை இரண்டு வருடம் படித்ததற்கு அன்றுதான் உபயோகம். கைப்பிடியை எங்கே வைத்தேன், எத்தனை லிங்கு, எத்தனை தடவை என்று எழுதினேன். இளநீரையும் எழுதச் சொன்னார். எழுதினேன். சர்வேயருக்கு எத்தனை கொடுத்தார் என்பதையும் சேர்க்கச் சொன்னார். இரண்டு என்று எழுதினேன். "மூணு," என்றார். இளநீரே ஞாபகம் இல்லை என்றவருக்கு எண்ணிக்கை ஞாபகம் வந்துவிட்டது. அடித்துத் திருத்தினேன்.

படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்கா பெருவிரல் வைத்தாள். மை துடைக்க அவர் தன் துண்டைக் கல்லின் மேல் போட்டார், அவளுக்குக் கொடுக்கிற மாதிரி இல்லாமல். அவளும் கல்லிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தாள்.

என்னோடு அவள் பஸ் வரும்வரை பேசவில்லை. பஸ் வந்ததும் ஒரு பை வேர்க்கடலையை மடியில் போட்டாள். "இளநிக்காகவாம்," என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீசில் படித்தேன். "முன்னூத்தி மூணரை. இருநூத்தித் தொண்ணூத்தி ஆறரை." பாப்பா தட்டினாள். சந்து மூடிக்கொண்டது. சிவப்புக் கோடு போய்விட்டது. அக்கா நிலம் பச்சை ஆனது, பக்கத்து நிலம் மஞ்சள். நடுவில் மயிர் மாதிரி ஒரு கோடு. அதற்கு அடியில் போர் இருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"ஏன் மாத்தினோம்னு குறிப்பு எழுதணும் அண்ணா," என்றாள்.

என் ஒரு பக்கத் தாளைக் கொடுத்தேன். முதல் வரியைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். முழுசாகப் படித்தாள். கீபோர்டுக்கு அடியில் மறுபடியும் எதையோ தேடினாள். தேடி முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"குறிப்புல பன்னெண்டு எழுத்து தான் போவும் அண்ணா."

"அப்போ?"

இங்கிலீஷில் 'செயின் எர்ரர்' என்று தட்டினாள். பதினோரு இடம் ஆனது. மிச்சம் ஒன்று இருந்தது. அதில் ஒரு புள்ளி வைத்தாள்.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "ஃபீல்டு செக் அயிபோயிந்தா?" முடிந்ததா என்று கேட்கிறார்.

"அயிபோயிந்தி சார்."

தாளைப் பாப்பா ஃபாரத்தோடு சேர்த்துப் பின் பண்ணி ஃபைலில் போட்டாள். ஃபைல் எந்த அலமாரிக்குப் போனதோ தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஆபீசுக்கு எனக்கு போன் வந்தது. அதுவரை எனக்கு போன் வந்ததே இல்லை. அக்கா, ஊர் எஸ்டிடி பூத்திலிருந்து.

"நைனா, அந்த ஆளு ஞாயித்துக்கெழம திங்கக்கெழம ரெண்டு நாளும் சேர்த்து எடுத்துக்கினு கீறான். செவ்வாக்கெழம எனக்குத் தண்ணி கலங்கி வருது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நாள் வுட்டு எடுத்துக்கச் சொல்லு."

"அவர் எங்க?"

"இங்க தான். பூத்து வாசல்ல நிக்கறான்."

"போன அவர்கிட்ட குடு."

"நான் இன்னாத்துக்குக் குடுக்கறேன்? மேஜ மேல வெக்கறேன். எடுத்துக்கினா எடுத்துக்கட்டும்."

மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"இன்னாப்பா," என்றார் அவர், "இன்னா சொல்றா உங்க அக்கா?"

"ரெண்டு நாளுக்கும் நடுவுல ஒரு நாள் வுட்டு எடுத்துக்கச் சொல்றா மாமா."

"கேட்டுச்சு," என்றார். "சரின்னு சொல்லு."

மறுபடியும் மேஜையில் வைக்கும் சத்தம்.